ஒரு சோலைக்காடு, ஒரே ஒரு பிரஷ்

என் பெரியம்மா மகள் கோவையில் தையல் கடை வைத்திருக்கிறார். வயது 44. பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்புக்குப் பிறகு அவர் கை வரைந்ததெல்லாம் துணியில் சாக்பீஸ் கோடுதான். அவர் ஆறு வாரத்தில், கிரிட்டா என்ற இலவச மென்பொருளில், கோத்தகிரி லாங்வுட் சோலையின் ஒரு காட்சியை வரைந்து முடித்தார். முதலில் வரைந்த படம் தேறவில்லை. அதை ஒதுக்கிவிட்டு மறுபடி வரைந்த படம்தான் இப்போது கடையில், அளவெடுக்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் தொங்குகிறது. இரண்டையும் வரைந்தது அதே கை, அதே கணினி, அதே போட்டோ. நடுவில் என்ன மாறியது என்பதை முழுதாக எழுதி வைக்க நினைத்தேன். புதிதாகக் காடு வரையப் போகிறவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

முதல் படத்தில் மென்பொருள் கொடுத்த எல்லாவற்றையும் பயன்படுத்தினோம். இரண்டாவதில் பெரும்பாலானவற்றைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். நடந்தது இவ்வளவுதான், ஆனால் அந்த முடிவுக்கு வந்த வழி நீளமானது.

ஏன் லாங்வுட்

கோத்தகிரி ஊரை ஒட்டி 116 ஹெக்டேர் பரப்பில் இருக்கும் சோலை அது. சுற்றிலும் தேயிலையும் வீடுகளும், நடுவில் இந்தக் காடு. கீழே இருக்கும் பல கிராமங்களுக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் ஊறி வருகிறது. 2024 ஜனவரியில் இதை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். சோலை மரங்கள் பொதுவாகவே உயரம் குறைந்தவை. தலை உருண்டு, குடை விரித்ததுபோல் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அடிமரம் முறுக்கேறி, பாசி படர்ந்து இருக்கும். வெயில் நாளிலும் உள்ளே ஈர வாசம் போகாது.

வரையக் கற்கிறவருக்கு இது கடினமான காட்சி. கண் போய் உட்கார ஒரு பெரிய மரம் இல்லை. எல்லாமே பச்சை, எல்லாமே நெருக்கம். அதனால் பைன் காட்டில் தொடங்கலாம் என்று சொன்னேன். நேரான தண்டுகள், நடுவில் இடைவெளி, கோடு போட்டாலே பாதிப் படம் வந்துவிடும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அது நட்டு வச்ச காடு தம்பி. வரிசையா நிக்கும். எனக்கு அந்த ஈரக் காடுதான் வேணும்" என்றார். அவர் பிடிவாதம் பிடித்தது நல்லதாகப் போயிற்று. பிடித்த இடம் என்பதால்தான் முதல் படம் கெட்ட பிறகும் அவர் விடவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் காலை மேட்டுப்பாளையம் வழியாகப் போனோம். ஒன்பது மணிக்கு மரங்களுக்குள் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. நடைபாதையில் மட்டும் இளவெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. போனில் நாற்பது படம் எடுத்தோம். கூடவே அக்காவிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, கண்ணுக்குத் தெரிவதை எழுதச் சொன்னேன். "மரத்தடி கறுப்பு இல்லை, ஈரக் காப்பித்தூள் மாதிரி", "தூரத்து மரம் சாம்பல், கொஞ்சம் பால்" என்று அவர் எழுதினார். அந்த நோட்டுதான் பின்னால் படத்தைக் காப்பாற்றியது. போன் கேமரா நிழலைக் கறுப்பாக்கும், பச்சையைத் தூக்கிக் காட்டும், வெளிச்சமான வானத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும். போட்டோவை மட்டும் நம்பி வரைகிறவர் அந்த மூன்றையும் சேர்த்தே வரைந்துவிடுவார்.

கருவிகள்

8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி. திரை இல்லாத, கைக்கு அடக்கமான பேனா டேப்லெட். கிரிட்டா. வேறு எதுவும் வாங்கவில்லை.

திரை இல்லாத டேப்லெட்டில் கை ஓரிடத்தில் நகரும், கண் இன்னோரிடத்தைப் பார்க்கும். பலருக்கு இது பழக ஒரு வாரமாகும். அக்காவுக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது. தையல் மெஷினில் காலும் கையும் கண்ணும் தனித்தனியாக வேலை செய்து பழகிய உடம்பு. ஒரே ஒரு தொந்தரவு, அவர் வட்டம் போட்டால் திரையில் முட்டையாக வந்தது. டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தாவிட்டால் இப்படி ஆகும். டேப்லெட்டின் அமைப்புப் பகுதியில் விகிதத்தைக் காக்கும் தேர்வை இட்டதும் சரியாயிற்று. புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிடுங்கள். கையின் குறை என்று நினைத்து இதோடு மாதக்கணக்கில் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேன்வாஸ் அளவு 3508க்கு 2480 பிக்சல். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட இதுதான் கணக்கு.

முதல் படம்

முதல் இரண்டு வாரம் நான் அதிகம் தலையிடவில்லை. ஆர்வம் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். அது தவறு.

கிரிட்டாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரஷ்கள் தயாராக வருகின்றன. அவற்றில் முத்திரை குத்துவதுபோல் புல்லையும் செடிகொடியையும் பதிக்கிறவையும் உண்டு. ஒரு இழுப்பில் முப்பது இலை விழும். அதைக் கண்டதும் அக்காவுக்கு ஏற்பட்ட சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு லேயர், அதன் இலைக்கு ஒரு லேயர், நிழலுக்கு ஒன்று, பாசிக்கு ஒன்று. எண்ணியபோது 43 லேயர் இருந்தது. இந்தக் கேன்வாஸ் அளவில் முழுக்க நிரம்பிய ஒரு லேயர் சுமார் 35 எம்பி நினைவகம் எடுக்கும். மடிக்கணினி திணறியது. பேனாவை இழுத்து ஒரு கணம் கழித்துத்தான் கோடு வந்தது. கோடு தாமதமாக வந்தால் கை பயப்படும், பயந்த கை சின்னச் சின்னதாகவே இழுக்கும். அந்தத் தயக்கம் படம் முழுக்கத் தெரிந்தது.

அவர் 200 விழுக்காடு, 300 விழுக்காடு என்று பெரிதாக்கி உள்ளே போய் இலை இலையாக வேலை செய்தார். அந்த அளவில் பார்த்தால் ஒவ்வொரு மூலையும் அழகாகவே இருந்தது. முழுப் படமாகப் பார்த்தபோது காட்டைக் காணோம். பின்னால் இருக்கும் மரத்துக்கும் முன்னால் இருக்கும் மரத்துக்கும் இலை ஒரே கூர்மை, பச்சை ஒரே பச்சை. சுவரில் ஒட்டும் பூக்காகிதம்போல் தட்டையாகக் கிடந்தது.

அக்கா அதை ஜேபெக் கோப்பாகச் சேமித்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிட்டு, மூடும்போது கேட்ட கேள்விக்கு வேண்டாம் என்று அழுத்திவிட்டார். லேயர்கள் எல்லாம் போய்விட்டன. கிரிட்டாவின் சொந்தக் கோப்பான கேஆர்ஏவில்தான் லேயர்கள் பிரிந்து இருக்கும், ஜேபெக்கில் எல்லாம் ஒட்டி ஒரே தாளாகிவிடும். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அன்று இரவு போனில் அவர் குரல் உடைந்திருந்தது. பத்து நாள் உழைப்பு.

மறுநாள் அந்த ஜேபெக்கைத் திறந்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினேன். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மரம், தரை, வானம் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தன. பிறகு போட்டோவையும் அதேபோல் மாற்றிப் பக்கத்தில் வைத்தேன். அதில் நான்கு சாம்பல் தெளிவாகப் பிரிந்து நின்றது. "இதுல லைனிங்கும் மேல்துணியும் தனியாத் தெரியுது. என்னோடதுல எல்லாம் ஒரே துணி" என்றார். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது.

பூட்டி வைத்தவை

இரண்டாம் படத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட விதிகளைக் காகிதத்தில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினோம். ஒரே பிரஷ். பெயர் பேசிக்-5 என்று தொடங்கும், அழுத்தத்துக்கு ஏற்ப அளவும் அடர்த்தியும் மாறும் சாதாரண வட்ட பிரஷ். ஐந்து லேயர். முழுப் படமும் திரைக்குள் தெரியும் அளவைத் தாண்டிப் பெரிதாக்குவதில்லை. முதல் பத்து நாளுக்கு பிரஷ் அளவு 40 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது. இலை பதிக்கும் பிரஷ் கூடவே கூடாது.

ஒரு பிரஷ் என்பது அவருக்குத் தண்டனைபோலத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாளில் அந்த ஒரு பிரஷ்ஷின் குணம் கைக்குப் பிடிபட்டுவிட்டது. லேசாகத் தொட்டால் மூட்டம், அழுத்தினால் மரம். ஷிஃப்ட் விசையைப் பிடித்து இழுத்தால் அளவு மாறும். கண்ட்ரோலைப் பிடித்துத் தொட்டால் அந்த இடத்து நிறம் கைக்கு வரும். ஈ விசையை அழுத்தினால் அதே பிரஷ் அழிப்பானாகும், மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். தொடக்கத்தில் இந்த மூன்றைத் தவிர வேறு விசை எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாம்பல் நான்கு

நிறம் தொடவே இல்லை முதல் ஐந்து நாள். தீப்பெட்டி அளவில் ஆறு சிறு படங்கள், கறுப்பும் வெள்ளையும் நடுச் சாம்பலும் மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். பாதை எங்கே, மூட்டம் எங்கே, கருத்த மரம் எங்கே என்று மட்டும். ஆறில் நான்காவதை அவர் தேர்ந்தெடுத்தார். இடது பக்கம் வளைந்த அடிமரம் ஒன்று அருகில், நடுவில் பாதை, வலப்பக்கம் மரக்கூட்டம், பின்னால் மூட்டம்.

அதைப் பெரிய கேன்வாஸில் நான்கு லேயராகப் பிரித்தோம். வானமும் மூட்டமும் ஒன்று, தூரத்து மரங்கள் ஒன்று, நடு மரங்கள் ஒன்று, முன்னால் இருப்பது ஒன்று. ஐந்தாவது லேயர் கடைசி வெளிச்சத்துக்காகக் காத்திருந்தது. வெளிச்ச அளவை நூற்றுக்குக் கணக்கிட்டால் வானம் 90, தூரம் 65, நடு 40, முன் மரம் 18 என்று அக்கா எழுதிவைத்தார். நான்கு எண்தான். இந்த நான்கும் ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தால் உள்ளே என்ன தப்பு வந்தாலும் காடு காடாக நிற்கும்.

காட்டை நிறைய வரைந்த அமெரிக்க ஓவியர் ஜான் எஃப். கார்ல்சன் இதற்கு ஒரு எளிய விதி வைத்திருந்தார். வெளிச்சம் வானத்திலிருந்து வருவதால் வானம்தான் மிக வெளிர். வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் சமதரை அடுத்தது. சரிவு மூன்றாவது. நிமிர்ந்து நிற்கும் மரம் மிகக் கருத்தது. முதல் படத்தில் அக்கா தரையை மரத்தைவிடக் கருப்பாகப் போட்டிருந்தார். காடு என்றாலே இருட்டு என்ற எண்ணம். நோட்டைத் திறந்து பார்த்தால் அவரே எழுதியிருந்தார்: "பாதை மரத்தை விட வெளிச்சம்."

மூட்டத்தின் நிறம்

இதில் ஒரு சிக்கல் வந்தது. தூரத்தில் இருப்பதை நீலமாக்கு என்று ஏதோ ஒரு காணொளியில் கேட்டுவிட்டு, அக்கா தூரத்து மரங்களை நீலமாக்கியிருந்தார். பாடம் பொய் இல்லை. தெளிந்த நாளில் காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். அதனால்தான் சமவெளியிலிருந்து பார்த்தால் நீலகிரி நீலமாக இருக்கிறது. ஆனால் மூட்டம் வேறு. அது நீர்த்துளி. ஒளியலையோடு ஒப்பிட்டால் துளி மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும். அதனால் மூட்டம் வெள்ளையாக, சாம்பலாகத் தெரியும். நாங்கள் போன காலையில் இருந்தது இரண்டாவது வகை. "கொஞ்சம் பால்" என்ற நோட்டுக் குறிப்பு அதைத்தான் சொன்னது.

நீலத்தை எடுத்துவிட்டு, மூட்டத்தின் நிறத்தையே தொட்டு எடுத்துத் தூரத்து மரங்களின் மேல் லேசாகத் தடவினார். முதலில் மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி தடவினார், அது தூசி படிந்த கண்ணாடிபோல் ஆயிற்று. அன்று பார்த்தபோது மூட்டம் மரத்தின் அடியில் திரண்டும் உச்சியில் கலைந்தும் இருந்தது. அப்படியே அடிப்பக்கத்தைக் கரைத்து, தலைகளை மட்டும் கொஞ்சம் தெரியவிட்டபோது மரங்கள் பின்னால் போயின. அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை நாள் பழக்கத்தில் அவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது அதுதான் முதல் முறை.

பச்சை எத்தனை பச்சை

நிறத்துக்கு வந்தோம். இங்கே அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

முதல் படத்தில் அவர் நிறவட்டத்தில் பச்சை இருக்கும் இடத்துக்கு நேராகப் போய், அதிலும் மிகச் செறிவான மூலையைத் தொட்டிருந்தார். ஹியூ (நிறவட்டத்தில் நிறம் இருக்கும் கோணம்) 120, செறிவு நூற்றுக்கு 90. பிளாஸ்டிக் குடத்துப் பச்சை. ஏன் என்று கேட்டபோது, "இலைன்னா பச்சைதான?" என்றார். நான் போட்டோவில் பன்னிரண்டு இடத்தைக் காட்டி, கண்ட்ரோலைப் பிடித்துத் தொட்டு நிறம் எடுக்கச் சொன்னேன். பன்னிரண்டில் நல்ல பச்சை என்று சொல்லக்கூடியது இரண்டுதான். மற்றதெல்லாம் மஞ்சளை ஒட்டிய மங்கல், சாம்பல், பழுப்பு. ஹியூ 60க்கும் 90க்கும் நடுவில், செறிவு முப்பதைச் சுற்றி.

அப்போது அவர் எழுந்து போய் நூல் பெட்டியை எடுத்து வந்தார். பச்சையில் மட்டும் இருபதுக்கு மேல் நூல்கண்டு. பாசிப்பச்சை, மெஹந்திப் பச்சை, கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, வாழையிலைப் பச்சை. பிளவுஸ் துணிக்கு மேட்சிங் பார்க்கும்போது நூலைத் தனியாகக் கையில் பிடித்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், துணிமேல் கிடத்தித்தான் பார்க்க வேண்டும் என்றார். தனியாகப் பார்க்கும்போது மண்ணாகத் தெரியும் நூல், சாம்பல் துணிமேல் வைத்ததும் பச்சையாகிவிடும். ஓவியப் பள்ளியில் பல நாள் சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது. அவர் இருபது வருஷமாகத் தினமும் செய்கிறார். திரையில் பச்சையைத் தொடும்போது மட்டும் அந்த அறிவை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அன்றிலிருந்து நிறவட்டத்தை மூடச் சொல்லிவிட்டேன். ஆறு நூல்கண்டைத் தேர்ந்தெடுத்து மேசையில் வைத்தார். அவற்றை ஒத்த ஆறு நிறத்தைக் கேன்வாஸின் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக வைத்து, அங்கிருந்து மட்டுமே எடுத்தார். சாம்பல் படத்தின் மேல் நிறம் ஏற்றும்போது லேயரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சதுரங்கக் கட்டம் போன்ற சின்னத்தை அழுத்தி ஆல்ஃபா லாக் போட்டோம். ஏற்கெனவே வரைந்த வடிவத்துக்கு வெளியே நிறம் போகாது. மரத்தின் வெளிக்கோடு கெட்டுவிடுமோ என்ற பயம் இல்லாமல் கை தாராளமாக ஓடியது.

எல்லா லேயருக்கும் மேலே ஒரு ஃபில்டர் லேயர் வைத்து நிறத்தை உறிஞ்சும் வடிகட்டியை இட்டோம். கண் சின்னத்தைத் தட்டினால் படம் கறுப்பு வெள்ளை, மறுபடி தட்டினால் நிறம். நிறம் போடும்போது நான்கு சாம்பலும் இடம் மாறுகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டோம். நடு மரங்கள் இரண்டு முறை முன் மரங்களோடு சேர்ந்துகொண்டன, இரண்டு முறையும் உடனே பிரித்தார். எங்கள் ஐந்து லேயர் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை, இதில் யாரும் வரைவதில்லை.

இலையே வரையாமல்

நான்காம் வாரம் அக்கா பொறுமை இழந்தார். "இலை எப்ப வரும் தம்பி?" திரையில் இருந்தது உருண்டை உருண்டையாகப் பச்சை மேகங்கள்.

சோலை மரத்தின் தலை ஒரு பூக்கோசுபோல. வெளிச்சம் படும் மேல்பக்கம், படாத அடிப்பக்கம், இரண்டும் சேரும் ஓரம். அந்த ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிசிறு விட்டால் கண் மற்றதை இலையாகப் படித்துக்கொள்ளும். முன்னால் வளைந்து நிற்கும் மரத்தில், வானத்தின் முன் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளையில் மட்டும் தனி இலைகள் வரையலாம் என்று அனுமதித்தேன். சுமார் அறுபது இலை போட்டிருப்பார். முழுப் படத்தில் தனித்தனியாக எண்ணக்கூடிய இலை அவ்வளவுதான்.

கிரிட்டாவில் ஓவர்வியூ என்று ஒரு சிறு பெட்டி உண்டு, முழுப் படத்தையும் கட்டைவிரல் அளவில் காட்டும். அதை எப்போதும் திறந்தே வைத்தோம். அந்தச் சிறு படத்தில் தெரியாத எந்தத் திருத்தமும் இன்றைக்குத் தேவையில்லை என்பது விதி. எம் விசையை அழுத்தினால் கேன்வாஸ் இடம் வலமாகத் திரும்பிக் காட்டும். திருப்பிப் பார்த்தபோதுதான் எல்லா மரமும் வலப்பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. வலது கைப் பழக்கம், பலருக்கும் இப்படி வரும்.

இலைகளின் நடுவே வானம் தெரியும் ஓட்டைகளை அவர் வெளி வானத்தின் அதே வெள்ளையில் போட்டார். அவை பல்புபோல் முன்னால் துள்ளின. ஓட்டை சிறியதாக ஆக அதன் வெளிச்சத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும், சுற்றியுள்ள இலை அதை விழுங்குகிறது. கார்ல்சன் சொன்னதில் இதுவும் உண்டு. 90லிருந்து 75க்கு இறக்கியதும் ஓட்டைகள் தம் இடத்தில் போய் அமர்ந்தன.

தரையில் விழுந்த வட்டங்கள்

ஐந்தாவது லேயர் பாதையில் விழும் இளவெயிலுக்கு. அக்கா இலை வடிவத்தில் கூர்கூராக வெளிச்சத் துண்டுகள் போட்டார். இலை நடுவில் உள்ள சந்து கோணலாகத்தானே இருக்கிறது, வெளிச்சமும் கோணலாக விழும் என்பது அவர் வாதம். போட்டோவில் பார்த்தால் எல்லாம் வட்டம், முட்டை.

"2019 கிரகணம் ஞாபகம் இருக்காங்க்கா?" என்று கேட்டேன். டிசம்பர் 26 காலை, கோவையில் வளையச் சூரிய கிரகணம். ஒன்பதரை மணி வாக்கில் கடை வாசல் வேப்பமரத்தடியில் தரை முழுக்க வளையல் வளையலாக வெளிச்சம் விழுந்ததை அவரே எனக்குப் படமெடுத்து அனுப்பியிருந்தார். இலைச்சந்து ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராபோல. சந்து சிறியதாக இருந்து தரை தூரமாக இருந்தால், தரையில் விழுவது சூரியனின் உருவம். சூரியன் வளையமானால் அதுவும் வளையம், முழு வட்டமானால் அதுவும் வட்டம். 10 மீட்டர் தூரத்திலிருந்து விழும் புள்ளி சுமார் 9 சென்டிமீட்டர் அகலம், ஒரு உள்ளங்கை. சூரியன் சாய்ந்திருக்கும்போது நீண்டு முட்டையாகும்.

அக்கா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு எல்லாத் துண்டுகளையும் அழித்துவிட்டு, பாதையோடு தட்டையாகப் படுத்த முட்டைகளை வைத்தார். அருகில் பெரிது, தூரத்தில் சிறிது, சில ஒன்றின்மேல் ஒன்று. பாதை அப்போதுதான் தரையில் படுத்தது. அதுவரை அது நிமிர்த்தி வைத்த பலகைபோல் இருந்தது, எனக்கும் ஏன் என்று பிடிபடாமலே இருந்தது.

அச்சும் அதற்குப் பிறகும்

திரையில் பார்த்த படம் தாளில் வரவில்லை. முன் மரங்கள் கரிக்கட்டியாக வந்தன, நடு மரங்கள் அவற்றோடு ஒட்டிக்கொண்டன. அச்சிட்டவர்மீது குற்றமில்லை. நாங்கள் திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துத்தான் ஆறு வாரமும் வரைந்திருந்தோம். வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை வெளிச்சத்தைக் குறைத்தோம். கிட்டத்தட்டப் பாதிக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் படம் உண்மையிலேயே இருட்டு. முன் மரத்தின் 18ஐ 26க்குத் தூக்கினோம், நடுவையும் கொஞ்சம். இரண்டாவது அச்சு மேட் தாளில் நன்றாக வந்தது. வரையத் தொடங்கும் நாளே இந்தத் தாள் சோதனையைச் செய்துவிட்டால் ஒரு அச்சுச் செலவு மிஞ்சும்.

படத்தை மாட்டிய வாரம், பிளவுஸ் வாங்க வந்த ஒரு அம்மா அளவு கொடுக்க நின்றபடி அதைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊருங்க? மழை வரப்போற மாதிரி இருக்குது" என்றார். அக்கா அன்று மாலையே எனக்கு அதைச் சொன்னார். யார் வரைந்தது என்று அந்த அம்மா கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

படத்தில் குறை இருக்கிறது. பாதையோரத்துப் பெரணிகள் சரியாக வரவில்லை. அவற்றுக்கு நடுத்தண்டும் வளைவும் வேண்டும், கூட்டமாகப் போட்டால் புல்லாகிவிடுகிறது, தனித்தனியாகப் போட்டால் கண்ணை இழுக்கிறது. மூன்று முறை அழித்துப் போட்டுவிட்டு, நிழலுக்குள் பாதி மறைத்துவிட்டார். வலப்பக்க மரக்கூட்டத்தில் இரண்டு தண்டு ஒரே தடிமனில், ஒரே இடைவெளியில் நிற்கின்றன. அதை நான் இரண்டாவது அச்சுக்குப் பிறகுதான் கவனித்தேன். அக்கா முன்பே கவனித்திருக்கிறார், சொல்லவில்லை.

அடுத்த படமும் அதே சோலைதான். சோலை மரங்கள் பலவற்றில் இளந்தளிர் செம்பு நிறத்தில் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கூட்டத்தின் நடுவே ஒரு மரம் மட்டும் பூத்ததுபோல் இருக்கும். அந்தத் தளிர் விடும் நேரத்தில் போக வேண்டும் என்கிறார். செம்பு நிறத்தில் மூன்று நூல்கண்டை இப்போதே எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். மூன்றில் எது என்பதைக் காட்டில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம்.